தெளிந்த நாட்களில் பேசி வைக்க வேண்டியவை

மனநிலை ஒரு காலம் மிகையாக எழுந்தும் மறு காலம் ஆழ்ந்த சோர்வில் அமிழ்ந்தும் போகிற, பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு குறித்துச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சில வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, இந்நோய் உள்ளவர்களின் மனைவியரும் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் எழுதியவை. நோயுடன் வாழ்பவரே எழுதியது ஒன்றே ஒன்று. ஆகவே இம்மாதப் பகுதியை முழுவதும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு 42 வயது, மின்சாதனக் கடை வைத்திருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் திடீரென்று இரவில் இரண்டு மணி நேரம்கூடத் தூங்காமல், யாரையும் பேசவிடாமல், ஒரே மாதத்தில் மூன்று கிளைகள் திறக்கப்போவதாகச் சொல்லி, என் நகைகளை அடகு வைத்து, தெரிந்தவர்களிடமெல்லாம் கைமாற்று வாங்கினார். அதன்பின் நான்கு மாதம் கட்டிலைவிட்டு எழவே இல்லை. சென்ற ஆண்டும் இதேபோல் நடந்தது. இப்போது மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிட்டு எட்டு மாதமாக நன்றாக இருக்கிறார். ஆனால் அவர் ஒரு பாட்டை முணுமுணுத்தால்கூட எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மாத்திரையைப் பற்றிக் கேட்டால் எரிந்து விழுகிறார். நான் அனுசரித்துப் போகாததால்தான் தன் மகனுக்கு இப்படி ஆயிற்று என்கிறார் மாமியார். நான் என்ன செய்ய வேண்டும்? — வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: மாமியாரின் பேச்சிலிருந்து தொடங்குகிறேன், கடிதத்தில் கடைசி வரியாக எழுதியிருந்தாலும் உங்களை அதிகம் வாட்டுவது அதுதான் என்று தோன்றுகிறது. இந்நோய் கணவன் மனைவி சண்டையால் உண்டாவதில்லை. மரபு வழியாக வரும் சாய்வு இதில் பெரும்பங்கு வகிக்கிறது. 2015–16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் முன்னின்று நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகிறார். அந்த ஒருவரின் வீட்டில் எல்லாம் மனைவி அனுசரிக்காதவளாக இருந்தாள் என்று சொல்ல முடியுமா? அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். மருமகள் சொன்னால் சாக்குப்போக்காகத் தெரிகிற விஷயம், மருத்துவர் வாயால் வரும்போது ஏறும், ஓ.பி. வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, தன் மகனைப் போன்ற பத்துப் பேரையும் அவர்களின் தாய்மார்களையும் பார்ப்பதே அவருக்குப் பாதி விளக்கமாக அமைந்துவிடுவதும் உண்டு.

அடுத்தது, அந்த முணுமுணுப்பு. மகிழ்ச்சியும் மேனியா எனப்படும் மிகை எழுச்சியும் ஒன்றல்ல. தூக்கம், பேச்சின் வேகம், உடலின் பரபரப்பு, பணத்தைப் பற்றிய கணிப்பு, தன்னைப் பற்றிய மதிப்பீடு ஆகியவை ஒன்றுசேர்ந்து, பொதுவாகக் குறைந்தது ஒரு வாரத்துக்கு, அந்த மனிதரின் இயல்பிலிருந்து விலகி நிற்கும்போதுதான் மருத்துவர் அதை மேனியா என்பார். இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் அறிகுறி தூக்கம். கவலையால் தூக்கம் கெட்டவர் மறுநாள் சோர்ந்து கிடப்பார். மேனியா தொடங்குகிறவரோ இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு வண்டியைக் கழுவிக்கொண்டிருப்பார், களைப்பே தெரியாது. மேலும், தூக்கம் கெடுவது நோயின் அறிகுறி மட்டுமல்லாமல் நோயைக் கிளப்பிவிடும் காரணமாகவும் இருக்கிறது. தீபாவளி விற்பனைக் காலத்தில் இரவு முழுவதும் கடையில் இருப்பு எடுப்பது, திருமண வீட்டில் மூன்று நாள் கண்விழிப்பது, திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்ப்பது போன்றவற்றுக்கு அவரைப் பொறுத்தவரை ஒரு வரம்பு வேண்டும்.

தூக்கம் எல்லோருக்கும் பொதுவான அறிகுறி என்றாலும், அதனுடன் ஒவ்வொருவருக்கும் தனக்கே உரிய சில முன்னறிகுறிகள் உண்டு. ஒருவர் பத்தாண்டுகளாகப் பேசாத பள்ளித் தோழர்களுக்கெல்லாம் தொலைபேசியில் பேசத் தொடங்குவார். இன்னொருவர் தேநீர்க் கடையில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி மீதியை வைத்துக்கொள்ளச் சொல்வார். உங்கள் கணவருக்கு அவை எவை என்பதை நீங்கள் தனியாக ஊகிப்பதைவிட அவரோடு உட்கார்ந்து எழுதுவதே நல்லது. நல்ல நிலையில் இருக்கும் இந்த எட்டாவது மாதம்தான் அதற்கு ஏற்ற காலம். மேனியா வந்தபின் பேசிப் பயனில்லை, ஏனெனில் தனக்கு நோய் வந்திருக்கிறது என்ற உணர்வையே அது முதலில் பறித்துவிடுகிறது. நானாக இருந்தால் ஒரு முழுத்தாளில், அவர் கையெழுத்திலேயே, இப்படி எழுதச் சொல்வேன்: “தொடர்ந்து இரண்டு இரவுகள் நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியும் எனக்குக் களைப்புத் தெரியாவிட்டால், நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அப்போது வாதிட்டாலும், மறுநாளே என்னை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல என் மனைவிக்கும் தம்பிக்கும் சம்மதம் தருகிறேன்.” அதில் மருத்துவரின் எண்ணும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், யார் சொன்னால் அவர் ஓரளவு கேட்பார் என்பதும் இருக்கட்டும். அந்தக் கடைசி விவரம் முக்கியமானது. பெரும்பாலும் அது மனைவியாக இருப்பதில்லை. ஒரு பழைய ஆசிரியராகவோ, தாய்மாமனாகவோ, கடைக்கு எதிர்க்கடைக்காரராகவோ இருக்கும். அதற்காக வருந்த வேண்டாம்.

பண விஷயத்தில் சட்டம் ஓரளவுதான் உதவும். இயல்பாகத் தெளிவாக இருந்து இடையிடையே சித்தம் பிறழ்பவர், பிறழ்ந்திருக்கும் நேரத்தில் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 12ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் குறிப்பிட்ட அந்த நாளில் அவர் தெளிவின்றி இருந்தார் என்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பதற்குள், கைமாற்றுக் கொடுத்தவரிடமும் உறவினரிடமும் மானம் போய்விடும். ஆகவே வாசலிலேயே தடுக்கும் ஏற்பாடுகள்தாம் நல்லவை. நகைகளை இருவரும் சேர்ந்து கையொப்பமிட்டால் மட்டும் திறக்கக்கூடிய வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். கடையின் வரவுசெலவுக்கு ஒரு கணக்கும் சேமிப்புக்கு வேறொரு கணக்குமாகப் பிரித்து, சேமிப்புக் கணக்கை இருவர் கையொப்பத்துக்கு மாற்றுங்கள். அவர் கையில் இருக்கும் கணக்கில் யு.பி.ஐ. வரம்பைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். வழக்கமாகச் சரக்குத் தரும் இரண்டொரு மொத்த வியாபாரிகளிடம், குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொள்முதல் வந்தால் வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லும்படி அவரையே கேட்டுக்கொள்ளச் செய்யுங்கள். இவை அனைத்தும் அவருக்குத் தெரிந்து, அவர் ஒப்புதலோடு நடக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் ஏ.டி.எம். அட்டையை ஒளித்து வைப்பதும், தூக்கக் கலக்கத்தில் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதும் அப்போதைக்குப் பணத்தைக் காப்பாற்றலாம். பின்னர் அவர் உங்களை நம்பி மருத்துவமனைக்கு வர மாட்டார்.

மாத்திரை பற்றிக் கேட்டால் எரிந்து விழுகிறார் என்கிறீர்கள். 1950களின் இறுதியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும், மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் யாருக்கு நோய் மீண்டும் வருகிறது என்று ஆராயப் போய், எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். தாயிடமோ மனைவியிடமோ திரும்பிச் சென்றவர்கள் சிலரைவிட, வாடகை அறைக்குப் போனவர்கள் நன்றாக இருந்தார்கள். ஓயாத குறைகூறலும், வெறுப்பும், அளவுக்கு மீறிய பொத்திப் பொத்திப் பாதுகாக்கும் போக்கும் நிறைந்த வீடுகளில் நோய் விரைவில் திரும்புகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின. பைபோலாருக்கும் இது பொருந்தும் என்பது பின்னர் தெரியவந்தது. குடும்பம்தான் நோய்க்குக் காரணம் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். இரண்டு முறை நகையை இழந்த பெண் பதறுவது இயற்கை. ஆனால் அந்தப் பதற்றம் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேள்வியாக வெளிப்படுகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஞாயிறு முதல் சனி வரை அறை பிரித்த மாத்திரைப் பெட்டி ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும். அதை அவரே வாரம் ஒரு முறை நிரப்பட்டும். இரவு பத்து மணிக்கு மேல் நீங்கள் அந்தப் பெட்டியைப் பார்த்தால் போதும், அவரைக் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: எனக்கு 29 வயது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. நான்கு ஆண்டுகளுக்கு முன் பைபோலார் என்று கண்டுபிடித்தார்கள். மூன்று ஆண்டுகளாக எதுவும் வரவில்லை. ஆனாலும் நான் சத்தமாகச் சிரித்தால் அம்மா அப்பாவைப் பார்க்கிறார், கோபப்பட்டால் “மாத்திரை போட்டாயா?” என்கிறார்கள். எனக்குக் கோபப்படக்கூட உரிமையில்லையா? கை நடுங்குகிறது, எடை கூடிவிட்டது. மூன்று ஆண்டுகளாக நன்றாக இருப்பவன் மாத்திரையை நிறுத்தினால் என்ன? அண்மையில் என்னை இரவுப் பணிக்கு மாற்றியிருக்கிறார்கள். — வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வந்த கடிதங்களில் நோயுடன் வாழ்பவர் எழுதியது இது ஒன்றுதான் என்பதால் இரண்டு முறை படித்தேன். கோபப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. நியாயமான கோபத்துக்கெல்லாம் “மாத்திரை போட்டாயா?” என்று பதில் சொல்வது, ஒருவர் சொல்வதன் பொருளையே செல்லாக்காசாக்கிவிடுகிறது, இதைவிட எளிதாக ஒருவரை வாயடைக்கும் முறை வேறில்லை. ஆனால் உங்கள் தாயார் அப்பாவைப் பார்க்கும் அந்தப் பார்வையில் இருப்பது சந்தேகம் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் உங்களைத் தேடி இரவெல்லாம் அலைந்தவர்களுக்கு அது அச்சமாகவும் இருக்கலாம். அதைக் குறைக்க ஒரு வழி, தகவலை நீங்களே முந்திக்கொண்டு தருவது. தினமும் இரவு ஒரு வரி: எத்தனை மணி நேரத் தூக்கம், மனநிலை பத்துக்கு எத்தனை, மாத்திரை எடுத்தாயிற்றா. அதைக் கூடத்து நாட்காட்டியில் எழுதி வையுங்கள். அதற்கு ஈடாக, அவர்கள் வாயால் கேட்கக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியாது. எந்த மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. கை நடுக்கத்தைப் பார்த்தால் லித்தியமாக இருக்கும் என்று நினைக்கிறேன். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் மேனியாவுக்கு அது பயன்படுவதை எழுதியதிலிருந்து இத்தனை ஆண்டுகளாகியும் அதற்கு நிகரான மருந்துகள் மிகச் சிலவே. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதில் அதற்குத் தனி இடம் உண்டு. மூன்று ஆண்டுகள் நன்றாக இருந்ததில் அந்த மாத்திரைக்குப் பங்கில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? லித்தியத்தைச் சட்டென்று நிறுத்துகிறவர்களில் பலருக்குச் சில மாதங்களுக்குள்ளேயே மேனியா திரும்பிவிடுகிறது. நிறுத்தத்தான் வேண்டும் என்று மருத்துவரும் நீங்களும் சேர்ந்து முடிவு செய்தாலும்கூட, குறைந்தது நான்கு வாரங்கள், முடிந்தால் மூன்று மாதங்கள் என்று படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆனால் நடுக்கத்தையும் எடையையும் வாய்மூடிப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவரிடம் “பரவாயில்லை டாக்டர்” என்று சொல்லிவிட்டு வீட்டில் மாத்திரையைக் குப்பையில் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் லித்தியத்தின் அளவு பெரும்பாலானோருக்கு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் போதும். கடைசி வேளை மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரையைப் போடுமுன் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதைப் பல பரிசோதனை நிலையங்களில் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். அளவு மேல்வரம்பில் இருந்தால் சற்றுக் குறைத்தாலே நடுக்கம் அடங்கக்கூடும். அடங்காவிட்டால் அதற்கென மருந்துகளும் இருக்கின்றன. தைராய்டையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது; எடை கூடுவதற்குத் தைராய்டு குறைபாடே காரணமாக இருப்பதுண்டு.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், இது லித்தியம் சாப்பிடும் எல்லோருக்கும். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கத்திரி வெயிலில் வியர்வை ஊற்ற அலைவது, வயிற்றுப்போக்கு, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், ரத்த அழுத்தத்துக்காக உப்பைத் திடீரென்று நிறுத்துவது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள், நீர் பிரியத் தரும் சில மாத்திரைகள் ஆகிய எல்லாமே ஆபத்தானவை. வாந்தி, கை பெரிதாக நடுங்குவது, நாக்குழறல், நடையில் தள்ளாட்டம் ஆகியவை தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரவுப் பணியை மறுத்துவிடுங்கள். மாறி மாறி வரும் பணி நேரம் இந்நோய்க்குப் பகை. காரணத்தை விரித்துச் சொல்ல விருப்பமில்லையெனில், தூக்க நேரம் ஒழுங்காக இருக்க வேண்டிய உடல்நிலை என்று மட்டும் குறிப்பிட்டு மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கலாம்.

கேள்வி: என் மகளுக்கு 26 வயது, இருமுறை இந்நோய் வந்து இப்போது நன்றாக இருக்கிறாள், வேலைக்கும் போகிறாள். வரன்கள் வருகின்றன. சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். — தந்தை, மதுரை

பதில்: கல்யாணம் ஆனால் சரியாகும் நோய் இதுவல்ல. சொல்லப்போனால் கல்யாணமே ஒரு சோதனைதான்: வாரக்கணக்கில் அலைச்சல், முகூர்த்தத்துக்கு முந்தைய இரவுக் கண்விழிப்பு, புது வீடு, மறைத்துச் சாப்பிட வேண்டிய மாத்திரை. மறைத்து மணமுடித்த பெண்கள் புகுந்த வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று மாத்திரையை விட்டுவிடுவதும், இரண்டாவது மாதத்தில் நோய் திரும்புவதும், “ஏமாற்றிவிட்டீர்கள்” என்று பஞ்சாயத்து நடப்பதும் என் அறையில் பலமுறை கேட்ட வரலாறு.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி, முக்கியமான உண்மையை மறைத்து மோசடியாகப் பெற்ற சம்மதத்தால் நடந்த திருமணத்தை ரத்துச் செய்யக் கோரலாம். அதே சமயம், மனநோய் என்ற பெயர் ஒன்றை மட்டும் காட்டி விவாகரத்துப் பெற்றுவிட முடியாது. சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது கடுமையானது என்று மெய்ப்பிக்க வேண்டும் என 1988இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆக, சொல்லிவிட்டுச் செய்தால் சட்டம் உங்கள் மகளுக்குக் காப்பு. மறைத்துச் செய்தால் அதே சட்டம் அவளுக்கு எதிராகத் திரும்பலாம்.

ஜாதகமும் புகைப்படமும் கைமாறும்போதே தரகரிடம் சொல்லத் தேவையில்லை. அது ஊர் முழுக்கப் பரவும். இரு வீட்டாருக்கும் பிடித்து, நிச்சயம் செய்வதற்கு முன்னால் சொல்ல வேண்டும். நீங்கள் பையனின் தந்தையிடம் தாழ்ந்த குரலில் சொல்வதைவிட, உங்கள் மகளே பையனிடம் நேரில் சொல்வது மேல். எப்போது வந்தது, என்ன மாத்திரை, இப்போது எப்படி என்று மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டு, விருப்பமிருந்தால் என் மருத்துவரை வந்து பாருங்கள் என்று அழைக்கட்டும். சிலர் விலகுவார்கள், அது வலிக்கும். விலகாதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் முதல் சந்திப்புக்கே கேள்விகளை எழுதிக்கொண்டு வந்தார்.

திருமணம் நிச்சயமாகும் முன்னரே செய்ய வேண்டிய வேறொரு வேலை இருக்கிறது. அவள் சாப்பிடுவது, இந்நோய்க்குத் தரும் இன்னொரு மருந்தான வால்ப்ரோயேட் என்றால் இப்போதே மருத்துவரிடம் பேசி மாற்று மருந்தைப் பற்றி முடிவெடுங்கள். கருவிலிருக்கும்போது அம்மருந்துக்கு ஆட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 பேர் வரை வளர்ச்சி, கற்றல் சிக்கல்களும் காணப்படுகின்றன. கருவுற்றது தெரிந்தபின் பதறிப்போய் எல்லா மாத்திரையையும் தானாக நிறுத்துவதும் தவறு. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள் இந்நோய் திரும்பும் அபாயம் மிகுந்த காலம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வரும் நம் வழக்கம் இங்கே பெரிதும் கைகொடுக்கும்: இரவில் குழந்தையை நீங்களும் உங்கள் மனைவியும் பார்த்துக்கொண்டு, மகளைத் தொடர்ந்து ஆறு மணி நேரமாவது தூங்க விட வேண்டும்.

கேள்வி: என் அம்மாவுக்குப் பைபோலார். சிறுவயதில் அவர் திடீரென்று அடித்ததும், பின் மாதக்கணக்கில் என்னோடு பேசாமல் படுத்திருந்ததும் நான் செய்த தவறு என்றே நினைத்து வளர்ந்தேன். எனக்கும் இந்நோய் வருமா? — கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: தாய் தந்தையரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து முதல் பத்து என்ற அளவில் இருக்கிறது. மற்றவர்களைவிட இது பல மடங்கு அதிகம்தான். ஆனாலும் அத்தகைய தாய்க்குப் பிறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்நோய் வருவதில்லை. வருமா வராதா என்று காட்டும் மரபணுச் சோதனை எதுவும் இல்லை. அப்படி விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். நேரத்துக்குத் தூங்குங்கள், கஞ்சாவின் பக்கம் போகாதீர்கள். என்றாவது மனச்சோர்வு வந்து மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால், அம்மாவின் நோயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தச் சாய்வு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் அதுவே மேனியாவைக் கிளப்பக்கூடும்.

முதல் பாதிக்கு என்ன பதில் சொல்வது? ஏழு வயதுக் குழந்தைக்கு யாராவது ஒருவர், “அம்மாவுக்கு மனசுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது, நீ எதுவும் செய்யவில்லை, அது இறங்கும்வரை நீ பாட்டியோடு தூங்கு” என்று சொல்லியிருக்க வேண்டும். நம் வீடுகளில் குழந்தைகளிடம் மறைப்பதே பாதுகாப்பு என்று எண்ணுகிறோம். காரணம் தெரியாத குழந்தை தன்னையே காரணமாக்கிக்கொள்கிறது. அம்மா நல்ல நிலையில் இருந்தால், அந்த நாட்களைப் பற்றி அவரிடமே கேட்டுப் பாருங்கள். மேனியாவில் செய்ததெல்லாம் மறந்துபோகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பலருக்கும் பெரும்பகுதி நினைவிருக்கிறது, வெட்கத்தால் பேசுவதில்லை.

கேள்வி: என் தம்பி மேனியாவில் வீட்டை விட்டு ஓடுகிறான். மருத்துவமனைக்கு வர மறுக்கிறான். ஒரு தலத்தில் கொண்டுபோய் விட்டால் கட்டிவைத்துக் குணப்படுத்துவார்கள் என்கிறார்கள். முன்பு ஒருமுறை சோர்வில் இருந்தபோது தற்கொலைக்கும் முயன்றான். போலீஸ் வழக்காகிவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. — அண்ணன், விழுப்புரம் மாவட்டம்

பதில்: 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், காப்பகக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். ஓட முடியாததால் மாண்டார்கள். மனநோயாளி எவரையும் எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. நேர்ந்துகொள்ளுங்கள், விளக்கேற்றுங்கள், பள்ளிவாசலில் ஓதிப் பாருங்கள். நான் குறுக்கே வர மாட்டேன். பின்னாளில் அதே ஏர்வாடியில் தர்காவுக்கு வருகிறவர்களுக்குப் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசே ஏற்பாடு செய்தது. மாத்திரையை நிறுத்தினால்தான் மந்திரம் பலிக்கும் என்று சொல்பவரிடம் மட்டும் தம்பியை விடாதீர்கள்.

வர மறுப்பவரைச் சேர்க்கவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. நோயாளி தெளிவாக இருக்கும்போது, வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் சிகிச்சை முடிவுகளில் தனக்குத் துணைநிற்க ஒரு நியமனப் பிரதிநிதியைக் குறிப்பிடலாம். பின்னர் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால், அந்தப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், ஒரு மனநல மருத்துவர் உட்பட இரு மருத்துவ வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதித்துச் சொன்னபின், 30 நாட்கள் வரை சேர்த்துச் சிகிச்சை அளிக்கலாம். எப்படிச் சிகிச்சை அளிக்க வேண்டும், எது கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. தம்பி தெளிந்ததும் இவற்றைச் செய்துவிடுங்கள். மருந்துகள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இலவசமாகவே கிடைக்கின்றன.

தற்கொலை முயற்சியை மருத்துவரிடம் மறைத்தது பெரிய தவறு என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். இச்சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. பைபோலாரில் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஒருமுறை முயன்றவர் என்ற ஒரு தகவல் மருத்துவரின் முழுத் திட்டத்தையும் மாற்றிவிடும். நாளையே போய்ச் சொல்லுங்கள். சோர்வு நாட்களில் வீட்டிலுள்ள பூச்சிமருந்தை வேறிடத்துக்கு மாற்றுங்கள், மாத்திரைகளை வாரத்துக்கு மட்டும் கையில் கொடுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று அவனிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இரவில் யாரை அழைப்பது என்று திகைக்கும்போது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.

கேள்வி: மருத்துவக் காப்பீட்டில் இந்நோய்க்கு இடமுண்டா? — வாசகர், சேலம்

பதில்: உண்டு. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. ஏற்கெனவே உள்ள நோய் என்பதால் காத்திருப்புக் காலம் இருக்கும். மறைத்து எடுத்தால் பின்னர் கோரிக்கையை நிராகரித்துவிடுவார்கள்.

கேள்வி: எனக்கு 67 வயது. கணவர் இல்லை. 38 வயது மகனுக்கு இருபது ஆண்டுகளாக இந்நோய். திருமணமாகவில்லை. மாத்திரை எடுத்துக் கொடுப்பது முதல் மருத்துவமனைக்கு அழைத்துப் போவது வரை நான்தான். என் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்? — தாய், சென்னை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் மகன் இப்போது எப்படி இருக்கிறார் என்று தேடினேன். ஐந்து ஆண்டுகளாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கவில்லை, காலையில் அவர்தான் பால் வாங்கி வருகிறார், பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார் என்று ஒரு மூலையில் எழுதியிருக்கிறீர்கள். கணக்குச் சொல்லித் தருகிறவருக்குத் தன் மாத்திரையை எண்ணத் தெரியாதா?

அடுத்த மாதம் மருந்து வாங்க அவரைத் தனியாக அனுப்புங்கள். முதல் முறை நீங்கள் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருக்கலாம், உள்ளே போகாதீர்கள். ஏதாவது ஒரு மாதம் தவறு நேரலாம். நீங்கள் இருக்கும்போது நேர்ந்தால் திருத்திக்கொள்ள முடியும். உங்கள் இளைய மகளை நியமனப் பிரதிநிதியாக எழுதுவது பற்றி அண்ணனும் தங்கையும் உங்கள் முன்னிலையில் பேசிக்கொள்ளட்டும். அவளுக்கு என்ன முடியும், என்ன முடியாது என்பதை அவள் வாயாலேயே சொல்லவிடுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடங்கும். மருத்துவக் குழு 40 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்றளித்தால் சில உதவிகள் கிடைக்கும். காலஞ்சென்ற உங்கள் கணவர் அரசுப் பணியில் இருந்தவர் என்றால், சம்பாதிக்க இயலாத பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடர விதிகளில் இடமிருக்கிறதா என்று கருவூலத்தில் கேட்டு, அதற்குரிய தாள்களை நீங்கள் இருக்கும்போதே சேர்த்து வையுங்கள்.

கடிதத்தின் பின்பக்கத்தில், இரண்டு ஆண்டுகளாக உங்களுக்குச் சர்க்கரை இருப்பதாகவும், அவனை விட்டுவிட்டுப் போக முடியாததால் பரிசோதனைக்குப் போகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் மருந்து வாங்க வரிசையில் நிற்கும் அந்தக் காலை வேளையில், பக்கத்துக் கட்டடத்தில் உங்கள் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். வெறும் வயிற்றோடு போங்கள்.